இப்பத்தான் எல்லாம் சரியாப்போச்சே

திருப்பூரில் எங்கள் கம்பெனியில் தைத்த பனியன் கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு அது வந்தது.

2022 ஜூன் மாதம். பல்லடம் ரோட்டில் ஒரு பேக்கரி, சாயங்காலம் ஐந்தரை மணி. ஒரு கையில் டீ, மறு கையில் தேங்காய் பன். காஜா பட்டன் யூனிட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், யாரோ செக் கொடுத்து ஏமாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று என் நெஞ்சுக்குள் ஓவர்லாக் மெஷின் ஓட ஆரம்பித்தது. விரல் நுனிகள் மரத்தன. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் முக்கால்வாசியில் முட்டிக்கொண்டு நின்றது. ரோடு, பஸ், நண்பரின் வாய் எல்லாம் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்ட மாதிரி இருந்தது. சாகப்போகிறேன் என்பதில் துளியும் சந்தேகம் இல்லை. அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது என்னவென்றால், மகளின் ஸ்கூல் ஃபீஸ் இன்னும் கட்டவில்லை என்பது.

நண்பர் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தத்தில் மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். "கேஸா இருக்குமுங்க" என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் மூன்று ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு ட்ரெட்மில் டெஸ்ட். அந்த ஃபைல் இன்னும் பீரோவில் இருக்கிறது. இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்கு இத்தனை எழுத்துபூர்வமான சான்று திருப்பூரில் வேறு யாரிடமும் இருக்காது.

அம்மா முதல் நாள் ராத்திரியே திருநீறு போட்டுவிட்டார். "எங்கியோ பயந்திருக்கறான்" என்றார். இப்போது யோசித்தால், நாலு ஈசிஜியில் தெரியாதது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அடுத்த நாளே அவரும் மற்றவர்கள் கேட்டதைத்தான் கேட்டார். "ஏஞ்சாமி, இப்பத்தான் எல்லாம் சரியாப்போச்சே. இப்ப என்ன வெசனம்?"

மனைவி கேட்டாள். கம்பெனி சூப்பர்வைசர் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்த நண்பரும் கேட்டார். நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்காகத்தான்.

அதற்கு முந்திய மூன்று மாதத்தைச் சொல்லியாக வேண்டும். மில்கள் நூல் விலையை மாதத்தின் ஒன்றாம் தேதி அறிவிக்கும். 2021, 2022-இல் அந்த ஒன்றாம் தேதி வருகிறது என்றாலே எங்கள் ஊரில் யாருக்கும் முந்தின நாள் சோறு இறங்காது. 2022 மே மாதம் ஊரே இரண்டு நாள் கதவை அடைத்துப் போராடியது. நான் பழைய விலைக் கணக்கில் எடுத்த ஆர்டர் ஒன்று கையில் இருந்தது. அதற்கு நடுவில் டையிங்கிலிருந்து வந்த துணியில் ஷேடு மாறியிருந்தது. மறுபடி டையிங், மறுபடி காம்பேக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இருக்க அழுத்தி எடுப்பது), கட்டிங்கில் ஆள் பற்றாக்குறை. கப்பல் தேதி தவறினால் சரக்கு விமானத்தில் போக வேண்டும், வாடகை நம் தலையில். "ஏர்ல போயிருச்சு" என்று இங்கே ஒருவரைப் பற்றிச் சொன்னால் அந்தக் கம்பெனிக்குத் துக்கம் விசாரிக்கக் கிளம்பலாம்.

அந்த மூன்று மாதமும் நான் கட்டிங் டேபிள் மேலேயே மூன்று மணி நேரம் தூங்கி எழுந்தேன். கத்தினேன், கெஞ்சினேன், கணக்குப் போட்டேன், சிரிக்கக்கூடச் செய்தேன். பயப்படவில்லை. பயப்பட நேரமில்லை என்றுகூடச் சொல்லலாம். கண்டெய்னர் ஏறியது, பணமும் வந்தது. அதற்கப்புறம்தான் பேக்கரி.

உடம்பில் ஆபத்து மணி இரண்டு வேகத்தில் அடிக்கிறது. முதல் மணி நொடிக் கணக்கு. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு சின்ன நரம்புத் திரள் உண்டு. நார்அட்ரினலின் என்ற உசுப்பிவிடும் வேதிப்பொருளை மூளை முழுக்கத் தெளிப்பது அதன் வேலை. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அதே நேரத்தில் அட்ரினலினை ரத்தத்தில் விடும். நெஞ்சு அடிக்கும், மூச்சு வேகமாகும், ரத்தம் வயிற்றை விட்டுவிட்டுக் கைகால் தசைக்கு ஓடும். வாய்க்கால் மேட்டில் கண்ணாடி விரியன் மேல் கால் வைக்கப் போனவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பேக்கரியில் பாம்பு இல்லை. நான் ஓடவும் இல்லை, ஆனால் ஓடுகிறவனின் மூச்சை வாங்கிக்கொண்டு நின்றேன். அப்படி வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். விரல் மரத்ததும் உதட்டில் எறும்பு ஊர்ந்ததும் அதனால்தான். மூச்சு போதவில்லை என்று நான் இன்னும் இழுத்தேன், அது இன்னும் குறைந்தது.

இரண்டாவது மணி நிதானமானது. திருப்பூர்க்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மூன்று கை மாறும் ஜாப் ஒர்க். மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ் சிஆர்எச் என்ற ஹார்மோனை அனுப்பும். அதை வாங்கிக்கொண்டு பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் அனுப்பும். அதை வாங்கிக்கொண்டு அட்ரினலின் வெளிப்பகுதி கார்டிசோலைச் சுரக்கும். கார்டிசோல் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிப் போருக்குச் சாப்பாடு போடும். வேலை முடிந்ததும் அதே கார்டிசோல் திரும்ப மூளைக்குப் போய் "போதும், நிறுத்துங்க" என்று சொல்லும். அந்தச் சொல்லைக் கேட்டு வண்டியை நிறுத்துவதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பங்கு உண்டு. புது நினைவுகளைப் பதிய வைக்கிற இடமும் அதுதான். நெருக்கடி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீண்டால் இந்த "போதும்" சரியாகக் கேட்காமல் போகிறது. எனக்கு ராத்திரி மூன்று மணிக்கு விழிப்புத் தட்டியதற்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கலாம். நல்ல உடம்பில்கூடப் பின்னிரவில் இருந்துதான் கார்டிசோல் ஏற ஆரம்பிக்கிறது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: பேக்கரிக்குப் போனால் அது வருகிறது. பேக்கரியை விட்டேன். அப்புறம் கூட்டமான ஹோட்டல். அப்புறம் மேம்பாலம், நடுவில் வண்டியை நிறுத்த முடியாதே என்று. பழனிக்குக் குடும்பத்தோடு போய் விஞ்சில் ஏற மறுத்தேன். சரி, படியில் ஏறலாம் என்றால் பாதி மலையில் நெஞ்சு அடித்தது. மலை ஏறினால் யாருக்கும் நெஞ்சு அடிக்கும் என்ற அறிவுகூட வேலை செய்யவில்லை. திரும்பி இறங்கிவிட்டேன். முருகனைப் பார்க்காமல் அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்த ஒரே ஆள் எங்கள் பங்காளிகளில் நான்தான்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். வண்டியை இரண்டு தெரு தள்ளி ஒரு ஹார்டுவேர் கடை முன்னால் நிறுத்தினேன். யாராவது பார்த்தால் பைப் வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளே வரிசையில் எங்களூர் ஃபைனான்ஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம், ஒரு வார்த்தை பேசாமல்.

டாக்டர் முதலில் தைராய்டு டெஸ்ட் எழுதினார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார். எட்டு, ஒன்பது என்றேன். நிமிர்ந்து பார்த்தார். அப்புறம், வந்திருப்பது பேனிக் டிஸார்டர், திடீர் திடீரென்று பெரும்பயம் வந்து தாக்கும் கோளாறு என்று பெயர் சொன்னார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அந்தப் பெயர் ஏறியதே 1980-இல்தான்.

கூகுளில் படித்துவிட்டுப் போயிருந்தேன். "எல்லாம் கெமிக்கல் இம்பேலன்ஸ்தானுங்களே டாக்டர்?"

அவர் சிரித்தார். "அப்படிச் சொன்னா உங்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபமுங்க. சக்கரைக்கு டெஸ்ட் இருக்கு. தைராய்டுக்கு இருக்கு. மூளையில செரோடோனின் எவ்வளவுன்னு பாக்க எங்கிட்ட டெஸ்ட் ஒண்ணுமில்லை. அப்புறம் கம்மின்னு எதை வெச்சுச் சொல்றது?"

இந்தப் பதில்தான் என்னைப் படிக்க வைத்தது. செரோடோனின் என்பது நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்ள வைத்திருக்கும் வேதிப்பொருள்களில் ஒன்று. செரோடோனின் குறைந்தால் மனச்சோர்வு என்ற கதை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அது காசநோய் ஆஸ்பத்திரியில் கொண்டு போய் விடுகிறது. பெருந்துறையில் இன்றைக்கு மருத்துவக் கல்லூரி இருக்கும் இடத்தைப் பழைய ஆட்கள் சானடோரியம் என்றுதான் சொல்வார்கள். அதே மாதிரி ஒரு சானடோரியம் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்தது. 1952-இல் அங்கே இப்ரோனியாசிட் என்ற புதுக் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து வார்டில் ஆட்டம் போட்டார்கள், பத்திரிகைகளில் படம் வந்தது. அந்த மருந்து செரோடோனின், நார்அட்ரினலின் போன்றவற்றைச் சிதைக்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது என்று கண்டார்கள். 1957-இல் நேதன் கிளைன் என்ற மருத்துவர் அதை மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஈரலைக் கெடுத்ததால் பின்னால் அது கைவிடப்பட்டது.

மறு பக்கம் நம் நாட்டுச் செடி. சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-இல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ரிசர்பின் சாப்பிட்ட சிலர் துவண்டு போனார்கள் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். மூளையில் சேமித்து வைத்திருக்கும் அந்த வேதிப்பொருட்களை அது காலி செய்கிறது என்பதும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். கூட்டுகிற மருந்து உற்சாகம் தருகிறது, காலி செய்கிற மருந்து சோர்வு தருகிறது, ஆகவே சோர்வு என்பது பற்றாக்குறை. 1965-இல் ஜோசப் ஷில்ட்கிராட் என்பவர் இதை ஒரு கொள்கையாகவே எழுதினார், அவர் சொன்னது நார்அட்ரினலினை மையமாக வைத்து. செரோடோனின் அப்புறம் கதாநாயகன் ஆனது.

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் தலைவலிக்கு மாத்திரை போட்டால் போகிறது என்பதால், அந்த மாத்திரை குறைந்துபோனதுதான் தலைவலி என்று யாரும் சொல்வதில்லை. ரிசர்பின் கதையும் அவ்வளவு சுத்தம் இல்லை. 1955-இல் லண்டனில் பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்கே ரிசர்பினைக் கொடுத்துப் பார்த்தபோது அது அவர்களுக்கு நன்மையே செய்திருக்கிறது. 2022 ஜூலையில், நான் மேம்பாலத்தைத் தவிர்த்துச் சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டிருந்த அதே மாதம், ஜோயன்னா மான்கிரீஃப் என்பவரின் குழு அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, செரோடோனின் குறைவால் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதியது. உடனே "மாத்திரையே பித்தலாட்டம்" என்று வாட்ஸாப்பில் ஓட்டினார்கள். அது வேறு கேள்வி. 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பு 522 பரிசோதனைகளை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்தது. 21 மனச்சோர்வு மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தன. வித்தியாசம் மலை அளவு இல்லை, ஆனால் இருக்கிறது. மருந்து வேலை செய்வதும், அது எப்படி வேலை செய்கிறது என்று சொன்ன கதை தவறாக இருப்பதும் ஒரே சமயத்தில் நடக்கலாம். வேப்பிலை விஷயத்தில் நம்மில் யாரும் முதலில் காரணம் கேட்டதில்லையே.

வாட்ஸாப் என்றதும் இன்னொன்று. முட்டை, வாழைப்பழம் சாப்பிட்டால் செரோடோனின் கூடும் என்று ஒரு படம் சுற்றுகிறது. நாமக்கல்லில் ஒரு சொந்தக்காரர் பண்ணை வைத்திருக்கிறார், எனக்கு வாரம் இரண்டு ட்ரே அனுப்பிவிட்டார். முட்டையில் ட்ரிப்டோஃபான் இருப்பதும் அதிலிருந்துதான் செரோடோனின் உருவாகிறது என்பதும் உண்மை. ஆனால் மூளைக்குள் போகும் கதவு ஒன்று, அதே கதவில் முட்டையின் மற்ற அமினோ அமிலங்களும் முண்டியடிக்கின்றன. வாழைப்பழத்தில் இருக்கும் செரோடோனினுக்கோ அந்தக் கதவு திறக்கவே திறக்காது. உடம்பின் செரோடோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் கிடக்கிறது. முட்டை சாப்பிட்டு எனக்குக் கூடியது எடை மட்டும்.

சரி, மருந்துக்கு வருகிறேன். எஸ்சிடலோபிராம், மிகக் குறைந்த அளவில் தொடங்கினார். "முதல் ரெண்டு வாரம் படபடப்பு கூடினாலும் கூடும். விட்டுடாதீங்க" என்றார். கூடியது. விடவில்லை. இங்கேதான் பற்றாக்குறைக் கதையின் பெரிய ஓட்டை இருக்கிறது. நரம்பு முனைகளுக்கு இடையே செரோடோனினைக் கூட்டும் வேலையை மாத்திரை சில மணி நேரத்திலேயே செய்துவிடுகிறது. பள்ளத்தை நிரப்புவதுதான் வைத்தியம் என்றால் அன்று ராத்திரியே எனக்குச் சரியாகியிருக்க வேண்டும். எனக்கு நாலாவது வாரம்தான் ஒரு முழு ராத்திரி தூக்கம் வந்தது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் ஆறு வாரம் ஆகிறது. இடைப்பட்ட நாளில் நரம்புகள் செரோடோனினை வாங்கிக்கொள்ளும் தங்கள் ஏற்பிகளின் எண்ணிக்கையை மாற்றிக்கொள்கின்றன, புதுக் கிளைகளும் இணைப்புகளும் உண்டாக வழி பிறக்கிறது என்பதுதான் இன்றைய எண்ணம். விதைப்பும் அறுப்பும் ஒரே நாளில் இல்லை.

அந்தத் தாமதம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மருந்துக்குத் தாமதம் உண்டு என்றால் நோய்க்கும் உண்டா?

பதில் பக்கத்திலேயே, பெங்களூரில் இருந்தது. அங்கே தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி என்ற விஞ்ஞானியின் குழு எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள். தினமும் இரண்டு மணி நேரம் அசைய முடியாமல் எலியைப் பிடித்து வைத்தார்கள், பத்து நாள். 2002-இல் வெளியான முடிவு இது: ஹிப்போகாம்பஸ் நரம்புகளின் கிளைகள் சுருங்கின, அமிக்டலா நரம்புகளின் கிளைகள் வளர்ந்தன. அமிக்டலா என்பது பயத்தின் இடம், பாதாம் பருப்பு அளவு, பாதாம் வடிவம். அதாவது அதே நெருக்கடி ஓர் இடத்தில் வாட்டுகிறது, இன்னோர் இடத்துக்கு உரம் போடுகிறது. அதற்கப்புறம் எலிகளை மூன்று வாரம் சும்மா விட்டுப் பார்த்தார்கள். சுருங்கியது மீண்டது. வளர்ந்தது அப்படியே நின்றது.

2005-இல் வந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு டீ ஆறிப்போனது. இந்த முறை ஒரே ஒரு தடவை, இரண்டு மணி நேரம் மட்டும். அடுத்த நாள் பார்த்தால் அமிக்டலாவில் மாற்றம் இல்லை, எலியும் இயல்பாக இருக்கிறது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் அமிக்டலா நரம்புகளில் புது முட்கள், அதாவது புது இணைப்புகளுக்கான இடங்கள். எலி திறந்த இடத்துக்கு வரப் பயப்படுகிறது. சோதனைக்காரர்கள் போனபிறகு, கூண்டில் தீனி இருக்கும்போது, எந்தத் தொந்தரவும் இல்லாத பத்து நாளில் அது வளர்ந்திருக்கிறது.

எலி மனிதன் இல்லை, என் பன்னிரண்டு நாளும் அதன் பத்து நாளும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "இப்பத்தான் எல்லாம் சரியாப்போச்சே" என்று அந்த எலியிடமும் யாராவது கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

ஒன்றாம் தேதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் லண்டனில் 45 பேரை வைத்து ஒரு விளையாட்டு நடத்தினார்கள். திரையில் கற்கள் வரும், அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் ஷாக் அடிக்கும். வியர்வை, கண்பாவை எல்லாம் அளந்தார்கள். பாம்பு நிச்சயம் இருக்கிறது என்று தெரிந்தபோது பதற்றம் அவ்வளவு இல்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி என்னும்போதுதான் உச்சம். நூல் விலை கிலோவுக்கு இவ்வளவு ஏறும் என்று மூன்று மாதம் முன்னாலேயே சொல்லியிருந்தால் நஷ்டத்தை எழுதிவிட்டுத் தூங்கியிருப்போம். எங்களைத் தின்றது விலை இல்லை, முப்பதாம் தேதி ராத்திரி.

கொங்கு நாட்டில் கவலை, துக்கம், அச்சம், மனம் விட்டுப்போவது எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வெசனம். படித்தவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். மருத்துவம் மனநிலைக் கோளாறு, பதற்றக் கோளாறு என்று இரண்டு அலமாரியில் பிரித்து வைக்கிறது. ஆனால் ஒன்று வந்தவருக்கு மற்றது வருவது மிகச் சாதாரணம், முதலில் எழுதித் தரும் மருந்தும் பெரும்பாலும் ஒன்றே. எனக்கு ஆகஸ்ட் மாதம் பயம் குறைந்தபோது, அடியில் இருந்த சோர்வு தெரிய ஆரம்பித்தது. கம்பெனிக்குப் போகப் பிடிக்கவில்லை. மகள் டான்ஸ் ஆடிக் காட்டினாள், கை தட்டினேன், கையில் மட்டும்தான் அது நடந்தது. ஒரே சொல் வைத்திருந்த ஆட்களுக்கு இது புரிந்திருக்கும்.

மாத்திரை பாதி வேலை செய்தது. மீதியைச் சைக்காலஜிஸ்ட் ஒருவர் செய்ய வைத்தார், சின்னப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆஸ்பத்திரி மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி இறங்கச் சொன்னார். நெஞ்சு அடித்ததும் "இப்ப என்னாகுதுன்னு உக்காந்து பாருங்கண்ணா" என்றார். சுழல் நாற்காலியில் சுற்ற வைத்துத் தலை கிறுகிறுக்கவிட்டார். ஸ்ட்ராவில் மூச்சு விடச் சொன்னார். நாற்பத்தி நாலு வயதில் இந்தக் கூத்து. ஆனால் நெஞ்சு அடித்தாலும் சாகவில்லை என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, அடித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் ஒரு புதுப் பாடம் படிகிறது, அவ்வளவுதான் என்று அவர் சொன்னார். பேக்கரியில் முதல் நாள் வாசலில் நின்றேன். மூன்றாம் நாள் உள்ளே. இரண்டாவது வாரம் டீ.

இரண்டு தவறு செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். டாக்டர் பத்து நாளைக்கு மட்டும் எழுதிய அல்பிரசோலாமை நான் இரண்டரை மாதம் இழுத்தேன், பழைய சீட்டையே காட்டி மெடிக்கலில் வாங்கி. அது மூளையின் காபா என்ற தடுப்பு ஏற்பாட்டைப் பலப்படுத்தி அரை மணியில் பயத்தை அணைக்கும். பழகிவிடும் என்பதுதான் வினை. விடும்போது முன்பைவிட மோசமான பயம் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் டாக்டர் வெளியே கொண்டுவந்தார். இரண்டாவது, எட்டு மாதம் ஆனதும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று எஸ்சிடலோபிராமைச் சொல்லாமல் நிறுத்தினேன். நாலாம் நாள் தலைக்குள் சுரீர் சுரீர் என்று கரண்ட் அடித்தது. திட்டு வாங்கி மறுபடி தொடங்கி, அதையும் படிப்படியாகக் குறைத்து 2024-இல் விட்டேன். இப்போது 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். நான் தவித்தபோது அது இல்லை, 2022 அக்டோபரில்தான் தொடங்கினார்கள். இருந்திருந்தாலும் ஹார்டுவேர் கடை முன்னால் வண்டியை நிறுத்தியவன் போன் செய்திருப்பானா என்பது சந்தேகம்தான்.

கடைசியாகப் பெரியப்பா.

எங்கள் பூர்வீகம் உடுமலைப் பக்கம், தென்னந்தோப்பு. 2003 வறட்சியில் கிணறு வற்றியது, பிஏபி என்ற பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் தண்ணீரும் முறைக்கு வரவில்லை. பெரியப்பா கடன் வாங்கித் தொள்ளாயிரம் அடிக்குப் போர் போட்டார், புகையாக வந்தது. இன்னொன்று போட்டார், அதுவும் புகை. லாரித் தண்ணீர் விட்டுப் பாதி மரங்களைக் காப்பாற்றினார். இரண்டு ஏக்கர் போனது. அந்த இரண்டு வருசமும் அவர் அசரவில்லை, எழவுக்கும் கல்யாணத்துக்கும் முதல் ஆளாக நின்றார். 2005-இல் மழை கொட்டியது. கிணறு நிரம்பி, கையால் மொண்டு எடுக்கலாம் போல நின்றது தண்ணீர். அப்போதுதான் அவர் தோட்டத்துச் சாளை வீட்டில் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். பேசவில்லை, சாப்பிடவில்லை, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து வெறுமனே உட்கார்ந்திருப்பார். கோயிலில் பூ வைத்துக் கேட்டார்கள். தாயத்து கட்டினார்கள். "மழை பேஞ்சு கெணறு நெறஞ்சு கெடக்குது, இப்பப் போயி இந்த மனுசன்" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நானும் அப்போது அதைத்தான் நினைத்தேன். ஒன்பது மாதம் கழித்து அவராகவே எழுந்து தோட்டத்துக்குப் போனார். பழைய பேச்சு வரவில்லை. 2014-இல் இறந்தார். அவரை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை.

போன தை மாதம் தோப்புக்குப் போயிருந்தேன். அப்பாவிடம், அந்த 2005-இல் மழைக்கு அப்புறம் காய் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"காயா? அந்த வருசந்தான் ஒண்ணுமே இல்லை. அதுக்கடுத்த வருசமும் இல்லை. உனக்கு ஞாபகமில்லியா, நகை வெச்சது?"

தென்னையில் பாளை வெடிப்பதற்கு இரண்டு வருசத்துக்கு மேல் முன்னாலேயே அதன் கரு உச்சிக்குள் உருவாகிவிடுகிறது. வெடித்த பிறகு காய் முற்ற இன்னொரு வருசம். தண்ணீரில்லாத வருசத்தில் மரம் பச்சையாகவே நின்று, ஏற்கெனவே பிடித்த காய்களைக் கொடுத்துக்கொண்டிருக்கும். உள்ளே கருகியது வெளியே தெரிய மழை வந்து நாளாகும். தென்னை வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும். மழை பெய்த வருசம் காய்க்கவில்லை என்று அப்பா எந்த மரத்தையும் கோபித்ததில்லை.

அவர் பெரியப்பா பங்கில் நின்ற ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போனார். கையை உயர்த்தினால் எட்டும் உயரத்தில், ஒரு முழ நீளத்துக்கு மரத்தின் இடுப்பு சிறுத்திருந்தது. தென்னை ஒருமுறை சிறுத்த இடத்தில் மறுபடி பருக்காது. அதற்கு மேலே பழைய பருமனுக்கு வந்து நேராகப் போயிருந்தது.

"இதா, இதான் அந்த ரெண்டு வருசம்" என்று அந்த இடத்தைத் தட்டினார். அண்ணாந்து குலைகளை எண்ணினார். அப்புறம் மரமேறுகிறவன் மரத்துக்கு எவ்வளவு கேட்கிறான் தெரியுமா என்று ஆரம்பித்தவர், கார் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.